கணக்கு இல்லையேம்மா

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாள் காலை ஒன்பது மணிக்கெல்லாம் எங்கள் கல்லூரி அலுவலக வாசலில் கூட்டம் சேர்ந்துவிடும். மஞ்சள் பைக்குள் நெட்டில் எடுத்த மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ், ஆதார் அட்டை, நாலு செட் ஜெராக்ஸ். மதுரையில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் 17 வருடமாக அலுவலக வேலை பார்க்கிறேன். மே, ஜூன் மாதங்களில் விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் மேசை என்னுடையது.

மார்க் ஷீட்டைக் கையில் வாங்கியதும் நான் மொத்த மதிப்பெண்ணைப் பார்ப்பதில்லை. தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் கீழே இருக்கும் நாலு பாடங்களின் பெயரைத்தான் முதலில் பார்ப்பேன். அந்த நாலு பெயரைப் பார்த்தாலே அந்தப் பிள்ளைக்கு எந்தெந்தத் துறையில் விண்ணப்பம் கொடுக்கலாம், எதில் கொடுக்கவே முடியாது என்று தெரிந்துவிடும். வந்திருப்பவர்கள் மொத்தத்தைச் சொல்லித்தான் பேச்சைத் தொடங்குவார்கள். "மேடம், 571 எடுத்திருக்கா." அந்தப் பெருமைக்கு முன்னால் நான் சொல்ல வேண்டிய பதில் சில நேரம் தொண்டையிலேயே நின்றுவிடும்.

571 எடுத்த ஒரு பெண்ணை இன்னும் மறக்க முடியவில்லை. காமர்ஸ் குரூப். பி.எஸ்சி. புள்ளியியல் வேண்டும் என்று கேட்டாள். விருப்பத்தோடுதான் கேட்டாள், யாரோ சொல்லிக்கொடுத்து இல்லை. கிரிக்கெட் ஸ்கோர்களை நோட்டில் எழுதிச் சராசரி போட்டுப் பார்ப்பாளாம், அவள் அப்பா சொன்னார். மார்க் ஷீட்டைப் பார்த்தேன். பொருளியல், வணிகவியல், கணக்குப்பதிவியல், நாலாவதாகக் கணினிப் பயன்பாடுகள். அந்த நாலாவது இடத்தில் வணிகக் கணிதம் இருந்திருந்தால் அன்றே விண்ணப்பத்தை வாங்கி வைத்திருப்பேன். எங்கள் கல்லூரியில் அந்தத் துறைக்குக் கணிதமோ வணிகக் கணிதமோ படித்திருக்க வேண்டும். "எங்க ஸ்கூல்ல அது இல்ல மேடம், கம்ப்யூட்டர்தான் இருந்துச்சு" என்றாள். பிளஸ் ஒன் சேரும்போது காமர்ஸ் என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்திருக்கிறார்கள். நாலாவது பாடம் எது என்று யாரும் கேட்கவில்லை. பி.காம். சேர்ந்தாள், நன்றாகவே படித்தாள். ஆனால் அன்று அவள் அப்பா மார்க் ஷீட்டை மடித்துப் பைக்குள் வைத்த விதம் என் கண்ணைவிட்டுப் போகவில்லை.

அது எனக்கு ஏன் அவ்வளவு உறுத்தியது என்று சொல்ல வேண்டும் என்றால், என் கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

நான் பத்தாவது எழுதியது 1999இல். கணக்கில் 58. பிளஸ் ஒன் சேர்க்கைக்கு அப்பாவோடு போய் வரிசையில் நின்றேன். மேசையில் இருந்த ஆசிரியர் மார்க்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "செகண்ட் குரூப் போட்டுர்றேன்" என்று எழுதினார். செகண்ட் குரூப் என்றால் இப்போது ப்யூர் சயின்ஸ் என்கிறோமே அதுதான். இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல். எல்லாம் ஒரு நிமிஷத்துக்குள் முடிந்துவிட்டது. எனக்குச் சந்தோஷம்தான், கணக்குத் தொல்லை விட்டது என்று. வீட்டுக்கு வரும் வழியில் அப்பா ரோஸ் மில்க் வாங்கிக் கொடுத்தார்.

பிறகு பி.எஸ்சி. விலங்கியல். படிப்பு முடிந்து ஒரு நோய்க் கணக்கெடுப்புத் திட்டத்தில் ஆறு மாதத் தற்காலிக வேலை கிடைத்தது. ஊர் ஊராகப் போய் எழுதிவந்த தாள்களைக் கணினியில் ஏற்றுவது. எந்த வயதுக்காரர்களுக்கு அதிகம், எந்த மாதத்தில் அதிகம், தண்ணீர்த் தொட்டிக்கும் காய்ச்சலுக்கும் தொடர்பு இருக்கிறதா என்று எண்களைப் பிரித்துப் போட்டுப் பார்க்கும் வேலை மெல்ல மெல்ல என்னிடம் வந்து சேர்ந்தது. என் வாழ்க்கையில் முதல்முறையாக நேரம் போவது தெரியாமல் வேலை செய்தது அந்த ஆறு மாதம்தான். அங்கே இருந்த அதிகாரி, "நீ ஸ்டாட்டிஸ்டிக்ஸ் படிம்மா, உனக்கு நல்லா வரும்" என்றார். விசாரிக்கப் போனேன். ஒரு அலுவலகத்தில் என் சான்றிதழ்களைப் புரட்டிய அம்மா அவற்றைத் திருப்பி என் பக்கம் தள்ளி, "டிகிரியில கணக்கு இல்லையேம்மா. பிளஸ் டூலயும் இல்லை" என்றார். அவர் மேல் தப்பில்லை. விதி அப்படி. இன்று நானும் அதையேதான் சொல்கிறேன், அதே மாதிரி மேசைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு.

இந்த மே மாதம் அக்கா போன் செய்தாள். அவள் மகள் பத்தாவது முடித்திருக்கிறாள், மொத்தம் 438. தமிழ் 96, ஆங்கிலம் 80, கணக்கு 71, அறிவியல் 94, சமூக அறிவியல் 97. "என்ன குரூப் எடுக்கிறதுன்னு வீட்ல ஒரே சத்தமா இருக்கு, நீ வந்துட்டுப் போ" என்றாள். ஞாயிற்றுக்கிழமை ஆரப்பாளையத்தில் உசிலம்பட்டி பஸ் ஏறினேன். பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போது தோன்றியது. இந்த பஸ்ஸில் ஏறியவர் நடுவில் மனசு மாறி, தேனி வரை போகலாம், ஆண்டிபட்டியில் இறங்கலாம். மேலூர் போக வேண்டும் என்று தோன்றினால் மட்டும் ஒன்றும் செய்ய முடியாது. அதற்கு மாட்டுத்தாவணி போய் வேறு பஸ் பிடித்திருக்க வேண்டும். பிளஸ் ஒன் குரூப்பும் அப்படித்தான். அது எந்த ஊரில் இறங்குவது என்று முடிவு செய்யும் வேலை இல்லை, எந்த பஸ் ஸ்டாண்டுக்குப் போவது என்று முடிவு செய்யும் வேலை.

வீட்டில் மாமா ஏற்கெனவே முடிவு செய்து வைத்திருந்தார். நாமக்கல் பக்கம் ஒரு ஹாஸ்டல் பள்ளி, கம்ப்யூட்டர் மேத்ஸ் குரூப். அவர் ஹார்டுவேர் கடைக்குப் பக்கத்துக் கடைக்காரர் மகன் அப்படிப் படித்து இப்போது பெங்களூரில் இருக்கிறானாம். ஃபீஸுக்குச் சீட்டுப் பணம் எடுக்கப் போகிறார். பாப்பாவுக்கு (வீட்டில் எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுகிறோம்) கணக்கே வேண்டாம், ப்யூர் சயின்ஸ் போதும், நர்சிங் போகலாம். அக்காவுக்கு மகள் வீட்டைவிட்டுப் போகாமல் இருந்தால் போதும்.

குரூப் பேச்சை எடுப்பதற்கு முன்னால் நான் பள்ளிக்கூடப் பேச்சைத்தான் எடுத்தேன். பாப்பா ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படிக்கிறாள். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020இல் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. 2021இல் அது பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் என்று தொழிற்படிப்புகளுக்கும் வந்தது. ஆனால் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். "ரெண்டு வருஷம்தானே வெளியே போறா" என்றார் மாமா. "அந்த ரெண்டு வருஷத்தில முன்னாடி படிச்ச அஞ்சு வருஷமும் கணக்குல வராமப் போயிரும் மாமா" என்றேன். அதோடு, அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்த பெண்கள் கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டமும் 2022 முதல் இருக்கிறது. பணம் கட்டிப் படிக்க வைக்கப் போய், இருக்கிற உரிமையை விட்டுவிட்டு வரும் குடும்பங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு யாரும் முன்கூட்டியே சொல்லவில்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமை. மாமா எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். "சரி, நாமக்கல் வேண்டாம்" என்றார்.

தமிழ் வழியா, ஆங்கில வழியா என்ற பேச்சும் வந்தது. பத்து வரை தமிழில் படித்தவள். பிளஸ் ஒன்னில் ஆங்கில வழிக்கு மாறினால் கல்லூரியில் சிரமம் இருக்காது என்று பலரும் சொல்வார்கள். அதில் உண்மை இருக்கிறது. எங்கள் கல்லூரியிலேயே முதல் பருவத்தில் தமிழ் வழிப் பிள்ளைகள் தவிப்பதைப் பார்க்கிறேன். ஆனால் புதுப் பாடமும் புது மொழியும் ஒரே ஜூன் மாதத்தில் வந்து விழுந்தால் இரண்டையும் சேர்த்து வெறுத்துவிடுவார்கள். இன்னொன்று, மாநில அரசு வேலைகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது, 2020 திருத்தத்துக்குப் பிறகு பள்ளியிலிருந்தே தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். பாப்பா தமிழ் வழியிலேயே தொடர்வது என்று முடிவானது. இதில் அவளுக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

அப்புறம்தான் குரூப்.

தினக் காலண்டரில் கிழித்த தாள்களை அக்கா ஒரு கிளிப்பில் சேர்த்து வைத்திருப்பாள், கணக்கு எழுத. அதில் ஒன்றை எடுத்துப் பாப்பா கையில் கொடுத்தேன். "பெரியவளாகி என்ன ஆவேன்னு கேட்கலை. உனக்கு இப்போ மனசில வர்ற படிப்பெல்லாம் எழுது, சரியா தப்பான்னு யோசிக்காத." கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுதினாள்: நர்சிங், அக்ரி, டீச்சர், வக்கீல், கலெக்டர், கடைசியில் சின்ன எழுத்தில் "புயல்". என்னடி இது என்று கேட்டால், நவம்பர் மாதம் டி.வி.யில் வங்கக் கடல் மேல் சுழலும் மேகப் படத்தைக் காட்டுவார்களே, அதைப் பார்த்துச் சொல்கிறவர்கள் என்ன படித்திருப்பார்கள் என்றாள். எனக்கு அந்த ஒரு வார்த்தைக்காகவே உசிலம்பட்டி வந்தது நல்லதாகப் போயிற்று என்று தோன்றியது. அக்காவுக்கு அது தெரியாது, மாமாவுக்கும் தெரியாது. அதுவரை அவளிடம் யாரும் கேட்கவில்லை.

நான் வேலையில் செய்வதைத்தான் அங்கும் செய்தேன், பின்னாலிருந்து முன்னால் வந்தேன். கல்லூரி வாசலில் என்ன கேட்பார்கள் என்று பார்த்துவிட்டுப் பிளஸ் ஒன்னுக்கு வருவது. பி.எஸ்சி. நர்சிங்குக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் வேண்டும். கணக்கு கேட்க மாட்டார்கள். அக்ரிக்குப் பயோ மேத்ஸும் (இயற்பியல், வேதியியல், உயிரியலோடு கணக்கும் சேர்ந்த குரூப்) போகலாம், ப்யூர் சயின்ஸும் போகலாம். எம்.பி.பி.எஸ். பற்றி அவள் எழுதவில்லை, இருந்தாலும் சொன்னேன்: நீட் தேர்வின் 720 மதிப்பெண்ணில் கணக்குக்கு இடம் இல்லை, பாதி உயிரியலே. ஐந்து வருடச் சட்டப் படிப்புக்கு எந்தக் குரூப்பும் சரி. கலெக்டர் ஆவதற்கான தேர்வுக்கு ஏதாவது ஒரு டிகிரி போதும். டீச்சர் என்றால் எந்தப் பாடம் என்பதைப் பொறுத்தது. மேல்நிலைப் பள்ளியில் முதுகலை ஆசிரியராக வேண்டும் என்றால் இளங்கலையும் முதுகலையும் ஒரே பாடத்தில் இருக்க வேண்டும், அதனால் அந்தப் பாதை பிளஸ் ஒன்னிலேயே தொடங்கிவிடுகிறது. இன்ஜினியரிங்குக்குக் கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200க்குக் கட் ஆஃப் போடுவார்கள். உயிரியலோ கம்ப்யூட்டரோ அந்த 200இல் வருவதே இல்லை. மாமா இதைக் கேட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் போகக் கம்ப்யூட்டர் குரூப்தான் எடுக்க வேண்டும் என்று அவர் நினைத்திருந்தார். பயோ மேத்ஸ் எடுத்தவரும் அதே வரிசையில்தான் நிற்பார்.

புயல் என்ற வார்த்தைக்கு நேராக வந்தபோது நான் கொஞ்சம் நிதானித்தேன். வானிலைக்கு அடிப்படை இயற்பியலும் கணக்கும். பி.எஸ்சி. இயற்பியலுக்கே பல கல்லூரிகளில் கணக்கும் கேட்பார்கள். அவள் எழுதிய ஆறில் ஐந்துக்குக் கணக்கு இல்லாமல் போகலாம். ஆறாவதற்கு மட்டும் முடியாது. அந்த ஆறாவதுதான் யாரும் சொல்லித்தராமல் அவளாக எழுதியது.

கணக்கு எடு என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. ஆனால் அது அவளுக்காகச் சொல்வதா, 1999இல் வரிசையில் நின்ற எனக்காகச் சொல்வதா என்று எனக்கே தெளிவாகத் தெரியவில்லை. கணக்கு பிடிக்காத பிள்ளையைக் கணக்கில் தள்ளினால் என்ன ஆகும் என்பதையும் என் மேசை எனக்குக் காட்டியிருக்கிறது. பயோ மேத்ஸ் எடுத்துக் கணக்கில் 36, இயற்பியலில் 41 என்று வருவார்கள். தகுதி இருக்கும், ரேங்க் லிஸ்டில் பெயர் கீழே போய்விடும். அரசுக் கலைக் கல்லூரிகளில் பி.ஏ. தமிழுக்குத் தமிழ் மதிப்பெண், பி.ஏ. ஆங்கிலத்துக்கு ஆங்கில மதிப்பெண், மற்ற பாடங்களுக்கு அந்த நாலு பாடத்தின் 400 என்று ரேங்க் போடுவார்கள். நாலில் ஒன்று சரிந்தால் எல்லாம் சரியும். ஒரு தடவை, அறிவியல் குரூப் படித்த ஒரு பையன் தமிழில் 98 வைத்துக்கொண்டு பி.ஏ. தமிழ் கேட்டு வந்தான். அவன் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்தேன். அவன் இரண்டு வருடம் எதற்காக அவ்வளவு கஷ்டப்பட்டான் என்று அவன் வீட்டில் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. அறிவியலிலிருந்து கலைப் பக்கம் வர வழி எப்போதும் உண்டு, அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம் வர வழி இல்லை. அதற்காக எல்லாரும் அறிவியல் எடுங்கள் என்று சொல்ல நான் தயாராக இல்லை.

அதனால் வேறு ஒன்று சொன்னேன். எதிர் வீட்டில் பிளஸ் டூ முடித்த பெண் இருந்தாள். அவளிடமிருந்து பிளஸ் ஒன் புத்தகங்களை வாங்கி வரச் சொன்னேன். கணக்கு, இயற்பியல், வேதியியல், உயிரியல். வணிகவியலும் கணக்குப்பதிவியலும் பள்ளிக் கல்வித் துறையின் இணையதளத்தில் இலவசமாக இருக்கின்றன, அக்கா போனில் இறக்கிக் கொடுத்தேன். பத்து நாள். ஒரு நாளைக்கு ஒவ்வொன்றிலும் அரை மணி நேரம். டியூஷன் கிடையாது, யாரும் சொல்லித்தரக் கூடாது, யாரும் கேள்வி கேட்கக் கூடாது. எந்தப் புத்தகத்தில் அரை மணி தாண்டியும் உட்கார்ந்திருக்கிறாள் என்று அவளே குறித்து வைக்க வேண்டும். பத்தாவது புத்தகத்தை வைத்துப் பிளஸ் ஒன்னைத் தீர்மானிப்பது, மாப்பிள்ளையின் அண்ணனைப் பார்த்துவிட்டு மாப்பிள்ளைக்குச் சம்மதம் சொல்வது மாதிரி. அந்தப் புத்தகங்கள் வேறு கனம், வேறு குணம்.

மதுரை வந்த பிறகு தினமும் ராத்திரி போன் செய்வாள். இரண்டாம் நாள் உயிரியல் ஓடியது. "உயிரி உலகம்" முதல் பாடத்தை ஒரே மூச்சில் படித்திருக்கிறாள். கணக்குப்பதிவியல் நன்றாகத்தான் இருக்கிறது என்றாள், ஆனால் அரை மணி ஆனதும் மூடிவிட்டாளாம். கணக்கில் முதல் பாடம் கணங்கள், தொடர்புகள் மற்றும் சார்புகள். "பத்தாவதிலேயே வந்துச்சு சித்தி, ஆனா இப்போ வேற மாதிரி இருக்கு." பயமா என்று கேட்டேன். "பயமில்ல, மெதுவா போகுது" என்றாள்.

அந்த 71 பற்றியும் ஒரு ராத்திரி பேசினோம். பத்தாவது கணக்குத் தாளில் ஒரு மதிப்பெண் கேள்வி 14, இரண்டு மதிப்பெண் 10, ஐந்து மதிப்பெண் 10, கடைசியில் எட்டு மதிப்பெண் இரண்டு, அதில் ஒன்று செய்முறை வடிவியல், ஒன்று வரைபடம். வடிவியலும் வரைபடமும் முழுசாகப் போட்டிருக்கிறாள். ஒரு மதிப்பெண்ணில் ஒன்றிரண்டுதான் போயிருக்கும் என்றாள். மீதி எல்லாம் ஐந்து மதிப்பெண்ணில்தான் போயிருக்கிறது. புத்தகத்தில் இருக்கிற கணக்குகளை மனப்பாடம் செய்து வைத்திருந்தாள், எண்ணை மாற்றிக் கேட்டதும், கிரியேட்டிவ் கேள்வி வந்ததும், நின்றுவிட்டாள். "அப்போ உனக்குக் கணக்கு வராதுன்னு இல்லடி. உனக்குக் கணக்கை ஒப்பிக்கச் சொல்லிக் கொடுத்திருக்காங்க" என்றேன். சற்று நேரம் பதில் இல்லை. பத்தாவதில் ஒரு நூற்றுக்கு வாங்கிய எண்ணை வைத்துப் பதினாறு வயதுப் பிள்ளைக்கு இது வரும், இது வராது என்று பெரியவர்கள் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். என் 58இல் என்ன தப்பு நடந்தது என்று என்னிடம் யாரும் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

எட்டாம் நாள் போன் செய்தவள் குரலில் புகார் இருந்தது. இயற்பியல் புத்தகத்தில் இரண்டாவது பாடம், இயக்கவியல். திறந்தால் வெக்டர் வருகிறது, வகை நுண்கணிதம் வருகிறது, தொகை நுண்கணிதம் வருகிறது. "கணக்கு வேண்டாம்னுதானே ப்யூர் சயின்ஸ் போறேன்னு சொன்னேன். இங்கேயும் கணக்குதான் இருக்கு?"

இருக்கிறது. ப்யூர் சயின்ஸ் படித்த எல்லாருக்கும் இது தெரியும். கணக்கு வகுப்பில் அதைப் பொறுமையாகப் படிப்படியாகச் சொல்லித்தருவார்கள். கணக்கு எடுக்காதவர்களுக்கு இயற்பியல் ஆசிரியர் ஒரு பீரியடில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார், அவருக்கு வேறு வழியும் இல்லை. நான் அந்தப் பாடங்களை அப்படியே மனப்பாடம் செய்துதான் தேறினேன். கணக்கிலிருந்து தப்பித்துப் போனவள், கணக்கை விளக்கம் இல்லாமல் இரண்டு வருடம் சுமந்தேன். நர்சிங் போனாலும் ஆராய்ச்சியும் புள்ளியியலும் என்று ஒரு பாடம் உண்டு என்று சொன்னேன். எதிர்முனையில் புத்தகப் பக்கங்கள் புரளும் சத்தம் கேட்டது. பிறகு அவளே சொன்னாள்: "எடுத்தாலும் எடுக்காட்டியும் இது வரத்தான் போகுது போல. அப்போ சொல்லிக்கொடுக்கிற இடத்துக்கே போயிரலாம் சித்தி."

நான் அன்றைக்கு ராத்திரி சரியாகத் தூங்கவில்லை. சந்தோஷம் ஒரு பக்கம், அவள் கஷ்டப்படுவாளோ என்ற பயம் ஒரு பக்கம். பயோ மேத்ஸ் என்பது சுலபமான சுமை இல்லை. ப்யூர் சயின்ஸில் தாவரவியல், விலங்கியல் இரண்டும் தனித்தனிப் பாடம். பயோ மேத்ஸில் இரண்டையும் உயிரியல் என்ற ஒரே பாடத்தில் சுருக்கி வைத்திருக்கிறார்கள், என்றாலும் புத்தகம் இரண்டு, அதற்கு மேல் கணக்குக்கு இரண்டு தொகுதி. மறுநாள் காலை போன் செய்து இதையெல்லாம் ஒளிக்காமல் சொன்னேன். முதல் இடைத்தேர்வில் கணக்கில் மார்க் குறையும், அப்போது யாரும் வீட்டில் முகம் சுளிக்கக் கூடாது என்று அக்காவிடமும் மாமாவிடமும் வாக்கு வாங்கினேன். மாமா, "நான் என்னம்மா சொல்லப்போறேன், இன்ஜினியரிங் கதவும் தொறந்துதானே இருக்கு" என்றார். அவர் ஆசையும் அதில் ஓர் ஓரமாக உட்கார்ந்துகொண்டது. இருக்கட்டும்.

சேர்க்கை நாளன்று லீவு போட்டுவிட்டுப் போனேன். அதே மாதிரி மேசை, அதே மாதிரி வரிசை. உள்ளே இருந்த ஆசிரியை பாப்பாவின் மார்க்கைப் பார்த்துவிட்டு, அன்பாகத்தான், "கணக்குல 71தானே இருக்கு, ப்யூர் சயின்ஸ் எடுத்துக்கிறியாம்மா?" என்று கேட்டார். எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. பேசலாமா என்று ஒரு அடி முன்னால் வைத்தேன், அக்கா கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இல்ல டீச்சர். பிளஸ் ஒன் கணக்குப் புக்கு முதல் பாடம் படிச்சுப் பார்த்துட்டேன். பயோ மேத்ஸ்தான் வேணும்."

ஆசிரியை நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "முதல் பாடம் படிச்சியா? யாரு சொன்னா?" "எங்க சித்தி." பிறகு எழுதினார். எழுதும்போது, "ஜூன்லயே ஆரம்பிச்சுரு, தள்ளிப் போடாத" என்று மட்டும் சொன்னார்.

வரிசையில் எங்களுக்குப் பின்னால் நின்ற ஒரு அம்மா என் கையைத் தொட்டு, "எம் பொண்ணுக்குக் காமர்ஸ் எடுக்கணும், எது எடுத்தா நல்லதுக்கா?" என்று கேட்டார். நாலாவது பாடம் வணிகக் கணிதமா, கணினிப் பயன்பாடா என்று உள்ளே கேளுங்கள், இரண்டும் இருந்தால் மகளிடம் கேளுங்கள், சி.ஏ. படிக்க எந்தக் குரூப்பும் தடை இல்லை, ஆனால் பி.எஸ்சி. புள்ளியியல், சில கல்லூரிகளில் கம்ப்யூட்டர் சயின்ஸ், இதற்கெல்லாம் கணிதம் பார்ப்பார்கள் என்று சொன்னேன். அவர் மகளைப் பார்த்து, "கேட்டியாடி" என்றார். அந்தப் பெண் தலையாட்டினாள். பெயர்கூடக் கேட்கவில்லை. 571 எடுத்த பெண்ணின் ஞாபகம் வந்தது.

ஜூன் மாதம் மூன்றாம் வாரம் பாப்பா போன் செய்தாள். இயற்பியல் செய்முறைக்குக் கிளார்க்ஸ் டேபிள் (எண்களுக்கு லாக், அதாவது மடக்கை, பார்க்கும் அட்டவணைப் புத்தகம்) வாங்கச் சொல்லியிருக்கிறார்களாம். வாங்காதே என்றேன். என்னுடையது பரணில் ஒரு தகரப் பெட்டியில் இருந்தது. நீல அட்டை, உள்ளே பால்பாயின்ட் பேனாவில் என் பெயர், XI - B, 1999-2000. ஒரு பக்கம் மட்டும் கிழிந்து செல்லோ டேப் ஒட்டியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன்.

அவளுக்கு அதை எப்படிப் பார்ப்பது என்று தெரியவில்லை. எனக்கும் மறந்துவிட்டது. திண்ணையில் உட்கார்ந்து 4.372 என்று ஒரு எண்ணை எடுத்துக்கொண்டோம். 43க்கு நேராக விரலை வைத்து, 7க்குக் கீழே வந்து, கடைசி 2க்கு வலது ஓரத்தில் இருக்கும் சின்ன எண்களில் தேடினோம். 6405, அதோடு 2. முதலில் நான் 1 என்று படித்துவிட்டேன், அவள் கண்ணாடி இல்லாமல் படிக்காதீங்க சித்தி என்றாள். அவள் போனில் கால்குலேட்டரைத் திறந்து சரிபார்த்தாள்.

0.6407. சரியாக வந்திருந்தது. "இன்னொண்ணு போடலாமா?" என்றாள்.